உங்களுக்குத் தெரியுமா? ஜன்னலோர மணி பிளான்ட்

விசைத்தறி ஓடும் பொதட்டூர்பேட்டை வீடானாலும் சரி, கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வேலைக்குப் போகிறவர்களின் ஒற்றை அறை வாடகை வீடானாலும் சரி, ஜன்னல் விளிம்பில் ஒரு பாட்டிலும் அதில் ஒரு பச்சைக் கொடியும் இருக்கும். காசு தரும், காற்றைச் சுத்தமாக்கும் என்று அதன்மேல் ஏற்றிய பெருமைகள் ஏராளம். அந்தக் கொடிக்கு உண்மையில் என்ன வேண்டும், அது நமக்கு என்ன தரும்? துணுக்குத் துணுக்காகப் பார்ப்போம்.

பிறந்த ஊர் ஒரு தீவு
மணி பிளான்டின் பூர்வீகம் பசிபிக் கடலில், தஹிதிக்குப் பக்கத்தில் இருக்கும் மூரேயா என்ற குட்டித் தீவு. மொத்தப் பரப்பே சுமார் 134 சதுர கிலோமீட்டர்தான். அங்கிருந்து கிளம்பிய கொடி இன்று வெப்ப நாடுகள் அனைத்திலும் வீட்டுக்குள்ளும் வெளியிலும் வளர்கிறது.

மூன்று முறை இனம் மாறியது
1880இல் இதை விவரித்தவர்கள் போத்தோஸ் இனத்தில் சேர்த்தார்கள். பிறகு சிண்டாப்சஸ் ஆனது. 1962இல் ராபிடோபோரா, 1964இல் எபிப்ரெம்னம். தாவரவியலில் ஒரு செடியின் இனத்தை உறுதி செய்யப் பூவைப் பார்த்தாக வேண்டும். இந்தக் கொடியோ பூவைக் காட்டுவதே அரிது. குழப்பம் நீண்டதற்கு அதுதான் காரணம்.

ஏன் பூப்பதில்லை?
வளர்ப்பில் இருக்கும் மணி பிளான்ட் தானாகப் பூத்ததாகக் கடைசியாகப் பதிவானது 1964இல். பூக்கத் தூண்டும் ஜிப்ரெலின் என்ற ஹார்மோனை இந்தக் கொடியால் போதுமான அளவு சுரக்க முடியவில்லை என்று 2016இல் வெளியான ஓர் ஆய்வு கண்டுபிடித்தது. அந்த ஹார்மோனை வெளியிலிருந்து தெளித்தபோது பூத்தது. ஆகவே உங்கள் வீட்டுக் கொடி பூக்கவில்லையே என்று உரத்தை மாற்றி மாற்றிப் போட வேண்டாம்.

விதையே இல்லாத வம்சம்
பூ இல்லை என்றால் காய் இல்லை, விதையும் இல்லை. நாம் பார்க்கும் மணி பிளான்ட் எல்லாம் ஒன்றிலிருந்து ஒன்று கிள்ளி நட்டதுதான். வெள்ளைத் தீட்டலுடன் வரும் புது ரகங்கள்கூட ஒட்டுச் சேர்த்து உருவானவை அல்ல. ஏதோ ஒரு கணுவில் தற்செயலாக நேர்ந்த மாற்றத்தை யாரோ கவனித்துத் தனியாக எடுத்து வளர்த்தவை. நர்சரிகளில் நல்ல விலை போகும் ‘மஞ்சுளா’ ரகம் இந்தியர் ஒருவர் அப்படிக் கண்டெடுத்து அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது.

திருடி வைத்தால்தான் வளருமா?
“அக்கா, ஒரு கொடி கிள்ளிக்கட்டுமா?” என்று கேட்டு வாங்கி வந்தாலும் வளரும். திருட்டுக்கும் வளர்ச்சிக்கும் சம்பந்தம் இல்லை. கணுவுக்கும் வளர்ச்சிக்கும்தான் சம்பந்தம். இலைக்காம்பு தண்டைத் தொடும் இடத்தில் பழுப்பாக ஒரு சின்னப் புடைப்பு தெரியும். வேர் கிளம்புவது அங்கிருந்துதான். அந்தப் புடைப்புக்கு ஒரு விரற்கடை கீழே வெட்டித் தண்ணீரில் வையுங்கள். கணு இல்லாமல் இலையை மட்டும் வைத்தால் மாதக்கணக்கில் பச்சையாக நிற்கும். தளிர் மட்டும் விடாது.

கண் ஏமாற்றும் வெளிச்சம்
நடுப்பகல் வெயிலில் வெளிச்சம் ஏறக்குறைய 1 லட்சம் லக்ஸ். ஜன்னலை விட்டுச் சில அடி உள்ளே வந்தால் சில நூறு லக்ஸாக இறங்கிவிடும். நம் கண் உடனே பழகிக்கொள்வதால் அந்த வித்தியாசம் நமக்குத் தெரிவதில்லை, இலைக்குத் தெரியும். மூலையில் வைத்த கொடி செத்துப்போகாது. ஆனால் தண்டு மட்டும் நீண்டு, இலைகள் எட்ட எட்ட, சின்னச் சின்னதாக வரும்.

நிழலைப் பாருங்கள்
செடி வைக்கப்போகும் இடத்தில், பகல் பன்னிரண்டு மணி வாக்கில், சுவருக்கோ தரைக்கோ ஓர் அடி தள்ளிக் கையை நீட்டுங்கள். விரல்கள் வெட்டியதுபோல் நிழலாக விழுந்தால் நேர்வெயில், இலை கருகும். ஓரம் மங்கிய நிழல் தெரிந்தால் கொடிக்கு ஏற்ற இடம். நிழலே தெரியவில்லை என்றால் வேறு இடம் பாருங்கள். திருத்தணி வட்டாரத்தில் கோடையில் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம் என்பதால், மேற்குப் பார்த்த ஜன்னல்களை மார்ச் முதல் ஜூன் வரை தவிர்ப்பது நல்லது.

வெள்ளைத் திட்டுக்குக் கூலி வெளிச்சம்
இலையில் வெள்ளையாக இருக்கும் பகுதியில் பச்சையம் இல்லை. அது உணவு தயாரிக்காது. பச்சைப் பகுதியின் உழைப்பில் வாழும். வெளிச்சம் குறைந்தால் புது இலைகளில் பச்சை கூடுவது அதனால்தான். ‘மார்பிள் குயின்’ போன்ற வெள்ளை ரகங்கள் சாதா ரகத்தைவிட மெதுவாக வளர்வதற்கும் இதுவே காரணம். கொடி முழுப் பச்சையாக மாறிவிட்டால், கடைசியாக நல்ல வெள்ளை தெரிந்த இலை வரை வெட்டிவிட்டு வெளிச்சத்துக்கு நகர்த்துங்கள்.

தொங்கினால் சிறுத்துப்போகும்
காட்டில் மரமேறும் மணி பிளான்ட் 20 மீட்டர் உயரம் போகும். மேலே போகப் போக இலை பெருத்து, ஓரம் கிழிந்து, ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம் வரை வரும். அதே கொடியைக் கூடையில் தொங்கவிட்டால் இலை சிறுத்துக்கொண்டே போகும். நம் வீட்டு உள்ளங்கை அளவு இலை என்பது குழந்தைப் பருவ இலை. ஏற ஒரு பிடிப்பு கிடைத்தால்தான் கொடி பெரியதாகும்.

இருட்டை நோக்கி நடக்கும் கொடி
செடி வெளிச்சத்தை நோக்கி வளரும் என்பது பள்ளிப்பாடம். டொனால்ட் ஸ்ட்ராங், தாமஸ் ரே என்ற இருவர் 1975இல் ‘சயன்ஸ்’ இதழில் வேறு மாதிரி எழுதினார்கள். மத்திய அமெரிக்கக் காடுகளில் மான்ஸ்டெரா வகை ஒன்றின் நாற்று, தரையில் இருக்கும்போது, அடிவானத்தில் எங்கே அதிகம் இருட்டாகத் தெரிகிறதோ அந்தப் பக்கமாக ஊர்ந்து போகிறது. காட்டில் அப்படி இருட்டாகத் தெரிவது பெரும்பாலும் பருத்த அடிமரம். மரத்தைத் தொட்டு ஏறத் தொடங்கிய பிறகுதான் வெளிச்சத்தைத் தேடுகிறது.

கொடி ஏற நார்க்கம்பம்
நர்சரியில் விற்கும் பாசிக் கம்பம் வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. இரண்டடி பிவிசி பைப்பில் தேங்காய் நார்க்கயிற்றை இடைவெளி இல்லாமல் சுற்றித் தொட்டியின் நடுவில் ஊன்றினால் போதும். கயிறு ஈரமாக இருந்தால்தான் கணுவில் வரும் காற்று வேர் அதைப் பிடிக்கும். காய்ந்த கயிற்றில் ஒட்டாது. ஆரம்பத்தில் பருத்தி நூலால் தளர்வாகக் கட்டிவிடுங்கள். கட்டும்போது தண்டைக் கட்டுங்கள், இலைக்காம்பைக் கட்டாதீர்கள். இலை வெளிச்சத்துக்குத் திரும்புவதே அந்தக் காம்பை வளைத்துத்தான்.

தறிக்குப் பிடித்தது கொடிக்கும் பிடிக்கும்
பருத்தி நூல் ஈரம் பட்டால் வலுக்கும், காய்ந்தால் அறுந்துகொண்டே இருக்கும். நெசவுக்கூடத்தில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தை ஒட்டி இருப்பது நல்லது என்று நெசவுத் தொழில்நுட்பம் சொல்கிறது. குழித்தறிக்காரர்கள் பள்ளத்தில் இறங்கி உட்கார்ந்து நெய்ததில் தரையின் குளிர்ச்சி பாவுக்குக் கிடைத்த லாபமும் உண்டு. மழைக்காட்டிலிருந்து வந்த கொடிகளும் ஈரக்காற்றை விரும்புகிறவை. பாவு அடிக்கடி அறுகிற நாளில் உங்கள் மணி பிளான்டின் இலை நுனியையும் பாருங்கள். இரண்டுக்கும் குறை ஒன்றுதான்.

இலைமேல் பஞ்சு
தறி ஓடும் வீட்டில் கண்ணுக்குத் தெரியாத பஞ்சுத் தூசி எல்லாவற்றின் மேலும் படியும். இலைமேல் படிந்தால் வெளிச்சம் குறையும். ஈரத்தோடு சேர்ந்து கெட்டியாக அப்பிக்கொள்ளும். வாரம் ஒருமுறை பழைய வேட்டித் துணியை நனைத்துப் பிழிந்து, இலையின் கீழே ஒரு கையைக் கொடுத்துத் துடையுங்கள். அடிப்பக்கத்தையும் துடையுங்கள்; மாவுப்பூச்சி ஒளிந்திருப்பது அங்கேதான். பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய் தடவுவது வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கில் தூசி இன்னும் வேகமாக ஒட்டும்.

நூல்திரி நீர்ப்பாசனம்
ஊருக்குப் போகிறீர்களா? பருத்தி நூலைப் பத்துப் பதினைந்து இழை சேர்த்து முறுக்கித் திரியாக்குங்கள். ஒரு முனை வாளித் தண்ணீருக்குள், மறுமுனை தொட்டி மண்ணுக்குள் இரண்டு விரற்கடை ஆழத்தில். மண் காயக் காயத் திரி வழியாகத் தண்ணீர் ஏறும். ஒரு சங்கதி: சாயம் ஏற்றாத கோரா நூலில் இயற்கை மெழுகு இருக்கும், தண்ணீர் பிடிக்காது. கஞ்சி போட்ட பாவு நூலோ தண்ணீரில் ஊறி நாற்றமடிக்கும். இரண்டையும் வாஷிங் சோடா போட்டுக் கொதிக்கவைத்து அலசிவிட்டால் உறிஞ்சத் தொடங்கும். சாயம் ஏற்றிய நூலை அலசினாலே போதும்.

பாட்டிலில் வளர்வது கொடி மட்டுமா?
டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை பிடிக்காது. தெளிந்த நீர்தான் பிடிக்கும். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க 7 முதல் 10 நாள் போதும். டெங்குத் தடுப்புப் பணியாளர்கள் வீட்டுக்கு வந்தால் மணி பிளான்ட் பாட்டிலைத் தேடுவது இதற்காகத்தான். தண்ணீரை மாற்றினால் மட்டும் போதாது. முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாட்டில் சுவரில் ஒட்டியிருக்கும்; காய்ந்து கிடந்தாலும் மாதக்கணக்கில் உயிர் பிழைக்கும். வாரம் ஒருமுறை நாரால் உட்சுவரைத் தேய்த்துக் கழுவி, பாட்டில் வாயில் தண்டைச் சுற்றித் துணியோ பஞ்சோ அடைத்துவிடுங்கள்.

வெறும் தண்ணீரில் எத்தனை நாள்?
வருஷக்கணக்கில் உயிரோடு இருக்கும், ஆனால் செழிக்காது. குழாய்த் தண்ணீரில் தழைச்சத்து அநேகமாக இல்லை. உரக்கடையில் கிடைக்கும் நீரில் கரையும் 19:19:19 உரத்தில், ஒரு லிட்டருக்கு ஒரு சிட்டிகை, மாதம் ஒருமுறை போதும். மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் அந்தத் தண்ணீரையே ஊற்றலாம். மீன் கழிவிலிருந்து வரும் நைட்ரேட் கொடிக்கு உணவு.

காலையில் இலை நுனியில் ஒரு சொட்டு
விடியற்காலையில் இலை நுனியில் கண்ணாடிமணியாக ஒரு சொட்டு நிற்கும். பனி அல்ல. இரவில் இலைத் துளைகள் மூடிக்கொண்டாலும் வேர் நீரை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். மிச்சம் நுனித்துளை வழியாக வெளியேறுகிறது. தினமும் இப்படிச் சொட்டினால், மண்ணில் ஈரம் அதிகம் என்று அர்த்தம். அடுத்த தண்ணீரை இரண்டு நாள் தள்ளிப்போடுங்கள்.

மஞ்சள் இலையைப் படிப்பது எப்படி?
அடியில் இருக்கும் ஒரு பழைய இலை மட்டும் மஞ்சளானால் அது வயசு; கிள்ளிவிடுங்கள். ஒரே வாரத்தில் நாலைந்து இலை மஞ்சளாகி, தண்டின் அடி கொழகொழவென்று இருந்தால் வேர் அழுகல். நல்ல கணுக்களை வெட்டி எடுத்துத் தண்ணீரில் போட்டுக் காப்பாற்றலாம். தொட்டியில் வளர்க்கும் கொடிகள் வறட்சியில் சாவதைவிட அன்பில் சாவதே அதிகம். மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்த பிறகு ஊற்றுங்கள்.

ஒரே ஆறு, இரண்டு தண்ணீர்
பள்ளிப்பட்டு வழியாக வரும் கொசஸ்தலையாறு, 1944இல் கட்டிமுடித்த பூண்டி ஏரிக்குப் போய், பிறகு எண்ணூர்ப் பக்கம் கடலில் சேர்கிறது. கடலோரத்தில் மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதால் கடல்நீர் உள்ளே புகுந்தது பல ஆண்டுகளாகப் பதிவான பிரச்சினை. போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் தொட்டி விளிம்பில் வெள்ளைப் பூச்சு படியும், இலை ஓரம் பழுப்பாகும். ஐப்பசி, கார்த்திகை மழைநீரைப் பிடித்து மாதம் ஒருமுறை தாராளமாக ஊற்றினால் மண்ணிலுள்ள உப்பு வடிந்துவிடும்.

நாசா சொன்னதும் சொல்லாததும்
வீட்டுச் செடி காற்றைச் சுத்தமாக்கும் என்ற பேச்சுக்கு மூலம், நாசாவில் பில் வுல்வர்ட்டன் 1989இல் வெளியிட்ட அறிக்கை. சோதனை நடந்தது இறுக மூடிய சிறு பெட்டிக்குள். விண்கலத்துக்கு உதவுமா என்று பார்க்க. கதவும் ஜன்னலும் உள்ள வீட்டுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. அமெரிக்காவின் டிரெக்ஸல் பல்கலைக்கழகத்தினர் பழைய ஆய்வுகளை 2019இல் அலசிப் பார்த்தார்கள். சாதாரணக் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய, ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடி வரை வேண்டியிருக்கும் என்றார்கள். ஜன்னலைத் திறந்துவையுங்கள், அது இலவசம்.

டெல்லியில் ஒரு கட்டடம்
டெல்லி நேரு பிளேஸில் பஹார்பூர் பிசினஸ் சென்டரை நடத்திய கமல் மீட்டல், கமுகு வகைப் பனை, பாம்புக் கற்றாழை, மணி பிளான்ட் என்ற மூன்றையும் வைத்துக் காற்றைச் சீர்செய்ததாக 2009இல் டெட் மேடையில் பேசி உலகப் புகழ் பெற்றார். சுமார் 300 பேர் புழங்கும் கட்டடத்தில் 1,200க்கும் அதிகமான செடிகள். ஓர் ஆளுக்கு நான்கு! மேசைமேல் ஒற்றைப் பாட்டில் வைத்துவிட்டு அதே பலனை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

முயலின் மரபணு புகுந்த கொடி
2018இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தினர் முயலின் மரபணு ஒன்றை மணி பிளான்டுக்குள் புகுத்தினார்கள். நம் கல்லீரலிலும் வேலை செய்கிற வகையைச் சேர்ந்த மரபணு அது. மூடிய குப்பிக்குள் இருந்த குளோரோஃபார்மில் 82 சதவீதத்தை அந்தக் கொடி மூன்றே நாளில் தீர்த்துவிட்டது. இந்தச் செடியைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம்: பூக்காது, ஆகவே மகரந்தம் வழியாக மாற்றிய மரபணு வெளியே பரவாது.

படுக்கையறையில் வைத்தால் ஆபத்தா?
இரவில் செடி கரியமில வாயு விடும் என்பது உண்மை. ஆனால் ஒரு தொட்டிக் கொடி விடுவது, பக்கத்தில் படுத்திருக்கும் மனிதர் விடுவதோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம். குறட்டை விடுகிறவரை வெளியே அனுப்பாதவர்கள் கொடியையும் அனுப்ப வேண்டியதில்லை.

சேனைக்கிழங்கின் பங்காளி
மணி பிளான்ட், மான்ஸ்டெரா, ஃபிலோடெண்ட்ரான் எல்லாம் சேனை, சேம்பு குடும்பத்துச் சொந்தங்கள். சேனை நறுக்கினால் கை அரிக்கிறதே, அதே கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் இவற்றின் இலையிலும் தண்டிலும் உண்டு. சேனையைப் புளி விட்டு வேகவைத்துச் சாப்பிடுகிறோம். மணி பிளான்ட் எப்படிச் சமைத்தாலும் உணவாகாது. குழந்தை கடித்தால் நாக்கும் உதடும் எரியும், வீங்கும். வாயைக் கழுவி விடுங்கள். விழுங்கச் சிரமப்பட்டாலோ வீக்கம் கூடினாலோ உடனே டாக்டரிடம் போங்கள். பூனை, நாய் உள்ள வீட்டில் எட்டாத உயரத்தில் வைப்பது நல்லது.

வெற்றிலையா, மணி பிளான்டா?
இரண்டுக்கும் இதய வடிவ இலை. அருகருகே வளர்த்தால் சிறுவர்கள் மாற்றிப் பறிக்க வாய்ப்புண்டு. கசக்கிப் பாருங்கள்: வெற்றிலை காரமாக மணக்கும், நரம்புகள் அடியிலிருந்து விரிந்து தெளிவாக ஓடும். மணி பிளான்ட் இலை தடிப்பு, வழவழப்பு, வாசனை இல்லை. வெற்றிலை மிளகு குடும்பத்தைச் சேர்ந்தது. இரண்டும் உறவே இல்லை.

கொடிக்கால் கற்றுத்தரும் பாடம்
நிழலில் கொடி வளர்ப்பது நமக்குப் புதிதல்ல. வெற்றிலைக் கொடிக்காலில் முதலில் அகத்தியை விதைத்து வளர்ப்பார்கள்; கொடிக்கு அதுவே கம்பம், அதுவே கூரை. சல்லடை வெளிச்சம், எப்போதும் ஈரமான ஆனால் தேங்காத மண், கணுவுக்குக் கணு கட்டிவிடும் கை. சோழவந்தான் வெற்றிலையும் ஆத்தூர் வெற்றிலையும் 2023இலும், கும்பகோணம் வெற்றிலை 2025இலும் புவிசார் குறியீடு பெற்றன. கொடிக்கால்காரர் செய்வதைத் தொட்டி அளவுக்குச் சுருக்கினால் எந்தக் கொடியும் வீட்டில் வளரும்.

ஏறாத மிளகு
மிளகுக் கொடியில் இரண்டு வகைக் கிளை. மேலே ஏறும் தண்டை நட்டால் ஏறிக்கொண்டே போகும். காய் பிடிக்கும் பக்கக் கிளையை வெட்டி வேர்விட வைத்தால் ஏறாமல் புதராக நின்று, தொட்டியிலேயே காய்க்கும். கோழிக்கோட்டில் உள்ள இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் இந்தப் புதர் மிளகை நகர வீடுகளுக்கும் பரிந்துரைக்கிறது. காலை வெயில் விழும் பால்கனி இதற்குப் பொருத்தம்.

இலையில் ஏன் ஓட்டை?
மான்ஸ்டெரா இலையின் ஓட்டைகளுக்குப் புயல்காற்று, மழை என்று பல காரணங்கள் சொன்னார்கள். கிறிஸ்டோபர் மியூர் 2013இல் வேறு கணக்குப் போட்டார். அடர்காட்டில் வெளிச்சம் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் துண்டுதுண்டாக விழுகிறது. அதே அளவு இலைப்பரப்பை ஓட்டைவிட்டு அகலமாக விரித்தால், ஏதாவது ஒரு துண்டு வெளிச்சம் தப்பாமல் கிடைக்கும். ஓட்டை இலைக் கொடிக்கு மெக்சிகோ வரை போக வேண்டியதில்லை. நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே ராபிடோபோரா பெர்ட்டூசா என்ற ஓட்டை இலைக் கொடி மரமேறி நிற்கிறது.

கண்ணாடிப் பெட்டி செய்த புரட்சி
லண்டன் மருத்துவர் நதானியல் வார்டு, 1829இல் மூடிய கண்ணாடிக் குப்பிக்குள் ஒரு பெரணி தானாக முளைத்து வாழ்வதைக் கவனித்தார். அதிலிருந்து பிறந்த கண்ணாடிப் பெட்டி, கப்பலில் உப்புக்காற்று படாமல் செடிகளைக் கொண்டுபோக உதவியது. சீனத் தேயிலை இமயமலைச் சரிவுக்கு வந்ததும், 1861இல் தென் அமெரிக்க சிங்கோனாக் கன்றுகள் உதகைக்கு வந்ததும் அந்தப் பெட்டியில்தான். வெப்ப நாட்டுக் கொடிகள் ஐரோப்பிய வரவேற்பறைகளில் குடியேறியதும் அதே வழியில். அங்கே குளிருக்குப் பயந்து உள்ளே வைத்தார்கள். இங்கே வெயிலுக்குப் பயந்து உள்ளே வைக்கிறோம்.

தூக்கி எறிந்தால் காடாகும்
இலங்கையில் கண்டி நகரின் நடுவே உள்ள உடவத்தகெலே வனத்தில், ஏக்கர் கணக்கில் தரையையும் மரங்களையும் மணி பிளான்ட் மூடிவிட்டது. பூவும் விதையும் இல்லாத ஒரு கொடி, வெறும் கணுக்களை வைத்தே அதைச் செய்தது. ஆகவே கத்தரித்த துண்டுகளை ஏரிக்கரையிலோ ஓடையிலோ வீசாதீர்கள். நல்ல துண்டுகளைக் கேட்பவர்களுக்குக் கொடுங்கள். மிச்சத்தை வெயிலில் சருகாகக் காயவைத்த பிறகு குப்பையில் போடுங்கள்.